ஆறு மணி வரை எழுதிய பக்கம்

நீரேற்று நிலையத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மணிக்கூண்டு என்பார்கள். ஆள் நல்ல உயரம், கழுத்தும் நீளம். ஆறு மணிக்கு வேலை என்றால் ஐந்து ஐம்பதுக்கு வாசலில் நிற்பார். முப்பத்தெட்டு வருடங்களாக அப்படித்தான் நின்றிருக்கிறார். அவர் என் மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்தது ஒரு வியாழக்கிழமை மதியம். மறுநாள் பன்னிரண்டு மணிக்குப் பக்கங்கள் அச்சுக்குப் போக வேண்டும்.

நான் ஒரு வாரப் பத்திரிகையில் சரிபார்ப்பவள். எழுதியவரின் பெயர் கட்டுரைக்கு மேலே வரும், படம் எடுத்தவரின் பெயர் படத்துக்குக் கீழே வரும். என் பெயர் எங்கேயும் வராது. தப்பு வந்தால் மட்டும் எல்லோருக்கும் என் ஞாபகம் வரும். இருபத்து நான்கு வருடங்களாகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்ததில் பார்வை மங்கியதுதான் மிச்சம். குணமும் கொஞ்சம் கெட்டுப்போய்விட்டது என்று வீட்டில் சொல்கிறார்கள். அதைச் சரிபார்க்க எனக்கு நேரமில்லை.

எங்கள் பத்திரிகையில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு மனிதரைப் பற்றிப் பெரிய கட்டுரை எழுதினால், அச்சுக்குப் போகும் முன் அவரையே வரவழைத்துப் படிக்கக் கொடுப்போம். ஒவ்வொரு பத்தியின் ஓரத்திலும் 'சரி' என்றோ 'தப்பு' என்றோ அவர் தன் கையால் எழுத வேண்டும். கடைசிப் பக்கத்தில் கையெழுத்து. பழைய ஆசிரியர் ஒரு வழக்கில் மாட்டி முழி பிதுங்கிய பிறகு வந்த ஏற்பாடு இது. வருகிறவர்களில் பாதிப் பேர் தங்கள் வயதைக் குறைக்கச் சொல்வார்கள், மீதிப் பேர் மைத்துனரின் பெயரைச் சேர்க்கச் சொல்வார்கள்.

மணிக்கூண்டு ஒன்றும் கேட்கவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டார். சட்டைப் பையிலிருந்து தன் பேனாவையே எடுத்தார். ஐந்து பக்கம், முப்பத்தொரு பத்தி. மேலிருந்து கீழாக வரிசையாக 'சரி, சரி, சரி' என்று எழுதிக்கொண்டே போனார். எழுத்து முத்து முத்தாக இருந்தது. கடைசியில் கையெழுத்தும் தேதியும் போட்டு, பேனாவை மூடி, முதல் பக்கத்துக்குத் திரும்பினார்.

"இப்ப படிக்கலாம் மேடம்" என்றார்.

எனக்குச் சுருக்கென்று வந்தது. படித்துவிட்டுத்தானே எழுத வேண்டும் என்று கேட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. எழுதி வைத்துவிட்டால் பாரம் இறங்கின மாதிரி, அப்புறம் நிதானமாகப் படிக்கலாம் என்று எனக்கே சொல்லிக் கொடுத்தார். அப்போது அதை ஒரு வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டேன். அவருக்கு ஒரு டீ சொல்லிவிட்டு என் வேலையைப் பார்த்தேன்.

கட்டுரையை எழுதியது எங்கள் இளைய நிருபர். அடைமொழி இல்லாமல் அந்தப் பெண்ணால் ஒரு மனிதரைத் தெருவைக் கடக்க வைக்க முடியாது. 'தண்ணீரின் தவப்புதல்வன்' என்று தலைப்பு வைத்திருந்தாள். அடித்தேன். 'கடமையே உயிராய்' என்பதை மூன்று இடத்தில் அடித்தேன். அதையெல்லாம் அடித்த பிறகு மிஞ்சியது ஒரு நேரான வாழ்க்கை. இருபத்தொரு வயதில் நீரேற்று நிலையத்தில் கூட்டிப் பெருக்கும் வேலைக்குச் சேர்ந்தவர். மோட்டாருக்கு எண்ணெய் விடக் கற்றார், அப்புறம் மோட்டாரை ஓட்டக் கற்றார், அப்புறம் தண்ணீரில் மருந்து கலக்கிற பொறுப்பு வந்தது. மகளுக்குப் பன்னிரண்டு வயதானபோது மனைவி இறந்துபோனாள். ஒற்றை ஆளாய் மகளை வளர்த்து, படிக்க வைத்து, கட்டிக்கொடுத்தார். மாப்பிள்ளைக்குத் தூரத்தில் வேலை. அதனால் மகளும் பேத்தியும் இவரோடுதான்.

மருந்து கலக்கிற வேலை பார்க்கச் சின்னதாகத்தான் இருக்கும். ஓர் இரும்பு சிலிண்டரிலிருந்து குளோரின் வாயு அளவாகத் தண்ணீரில் இறங்கிக்கொண்டே இருக்கும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை குழாயைத் திறந்து சின்னக் கண்ணாடிக் குப்பியில் தண்ணீர் பிடித்து, சில சொட்டு திரவம் விட வேண்டும். மருந்து போதுமான அளவு இருந்தால் தண்ணீர் மஞ்சளாகும். அந்த மஞ்சளை ஓர் அட்டையோடு ஒப்பிட்டு, அளவைப் பதிவேட்டில் எழுத வேண்டும். காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை ஏழு முறை. குட்டி, அதாவது பேத்தி, அம்மாவோடு சாப்பாடு கொண்டுவரும்போதெல்லாம் மேசைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, மஞ்சள் காட்டு தாத்தா என்பாளாம். கட்டுரையில் எனக்குப் பிடித்த ஒரே இடம் அதுதான்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் மழைக்காலத்தில் கீழ்த்தெருக்களில் வாந்தியும் பேதியும் வந்தது. எட்டு நாளில் ஒன்பது பேர் போனார்கள். அதில் ஆறு குழந்தைகள். குட்டி ஐந்தாவதாகப் போனாள். அவளுக்கு நாலு வயது.

விசாரணை நடந்தது. சாக்கடைக்குப் பக்கத்தில் ஒரு குழாய் இணைப்பு விட்டுப்போயிருந்ததைத் தோண்டி எடுத்தார்கள். அதை மாட்டியவர் நகராட்சியின் குழாய்க்காரர். இணைப்பு கசிந்திருக்கலாம் என்று அவரும் ஒப்புக்கொண்டார். ஆனால் தண்ணீரில் மருந்து சரியாக இருந்திருந்தால் இத்தனை பேர் செத்திருக்க மாட்டார்கள், நோய் தொடங்குவதற்கு முந்தின அந்த ஒரு நாள் மருந்தைப் பாருங்கள் என்று கெஞ்சினார். விசாரணைக்கு வந்த டாக்டரும் அதை மறுக்கவில்லை. பதிவேட்டைத் திறந்தார்கள். ஏழு வரி, ஏழும் சரியான அளவு, முத்து முத்தான எழுத்து. குழாய்க்காரருக்கு வேலை போனது. பிள்ளைகளைக் கொன்றவன் என்ற பெயர் வந்தது. அவருடைய மேல்முறையீடு அடுத்து வந்த திங்கட்கிழமை விசாரணைக்கு வரவிருந்தது. அதை ஒட்டித்தான் எங்கள் ஆசிரியர் இந்தக் கட்டுரையையே போடச் சொன்னார்.

கட்டுரையின் உச்சம் குட்டியின் சாவு வீடு. குழாய்க்காரர் துக்கம் கேட்க வந்திருக்கிறார். இரண்டு பேரும் இருபது வருடம் ஒரே டீக்கடையில் நின்றவர்கள். மணிக்கூண்டு எழுந்துபோய் அவர் சட்டையைப் பிடித்து வாசலுக்கு வெளியே தள்ளினார். அன்று மட்டும் விடுப்பு. மறுநாள் ஐந்து ஐம்பதுக்கு மறுபடி வாசலில் நின்றார். அந்தப் பக்கத்தைத் தட்டச்சு செய்தவள் அழுதுவிட்டாள் என்று கேள்வி. நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன், பொய் சொல்வானேன்.

அவர் இரண்டாம் பக்கத்தில் இருந்தபோது கட்டுரையோடு வரவேண்டிய படங்களை நான் கையில் எடுத்தேன். படத்துக்குள் எழுத்து இருந்தால் அதையும் படிக்க வேண்டும் என்பது என் வேலை. ஒருமுறை ஒரு மந்திரி படத்தில் பின்னால் இருந்த சுவரொட்டி எங்கள் மானத்தை வாங்கிவிட்டது. அன்றிலிருந்து உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்திருக்கிறேன். இந்தப் படத்தில் மணிக்கூண்டு மேசைக்குப் பின்னால் நிற்கிறார். முன்னால் பதிவேடு விரித்திருக்கிறது. தலைக்கு மேலே சுவர்க்கடிகாரம். மணி இரண்டு பத்து.

பதிவேட்டில் ஏழு வரி இருந்தது. ஆறு, எட்டு, பத்து, பன்னிரண்டு, இரண்டு, நாலு, ஆறு. எல்லாவற்றுக்கும் நேரே அளவு எழுதியிருந்தது.

முந்தின நாள் பக்கமாக இருக்கும் என்று நினைத்தேன். தேதியைப் பார்த்தேன். படம் எடுத்த தேதிதான். கடிகாரம் நின்றுபோயிருக்கும் என்று நினைத்தேன். படக்காரருக்குப் போன் செய்தேன். இரண்டு மணிக்குப் போனேன், மூன்றுக்கு முன்னால் கிளம்பிவிட்டேன், நாலு மணிக்கு வேறு இடத்தில் வேலை இருந்தது என்றார். போனை வைத்துவிட்டு எதிரே பார்த்தேன். படிக்காமலே எழுதிய முப்பத்தொரு 'சரி' அவர் முன்னால் இருந்தது. அவர் அவற்றுக்குப் பக்கத்தில் விரலை வைத்து, வரி வரியாகப் படித்துக்கொண்டிருந்தார். 

படத்தை எடுத்துக்கொண்டு ஆசிரியர் அறைக்குப் போனேன். அவர் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றினார், மறுபடி பார்த்தார். மேலே ஒரு விரற்கடை வெட்டிவிட்டால் கடிகாரம் போய்விடும், பிரச்சினையும் போய்விடும் என்றார். எல்லா அலுவலகத்திலும் இப்படித்தான் எழுதுகிறார்கள், இவர் மட்டும் என்ன புதிதாகவா எழுதிவிட்டார், பேத்தியைப் பறிகொடுத்த மனிதரைப் போய் நோண்டாதீர்கள் என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கச் சொல்கிறீர்கள் என்றேன். சோறும் பரிமாறியாகிவிட்டது, அட்டைப்படம் வரை தயார் என்றார்.

வெட்டிவிடலாம் என்று எனக்கும் தோன்றியது. ஐந்து நிமிடம் தோன்றியது. அப்போது இரண்டு வருடத்துக்கு முந்தைய கோப்பை இறக்கினேன். விசாரணை முடிந்த வாரம் நாங்கள் போட்ட செய்தி. 'குழாய்க்காரரின் கருத்தை அறிய முயன்றோம், அவர் கிடைக்கவில்லை' என்று ஒரு வரி. அதன் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு டிக். என் டிக். அன்று வெள்ளிக்கிழமை. பதினொன்றரை மணி ஆகியிருந்தது. நான் எந்த எண்ணுக்கும் போன் செய்யவில்லை. அது எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. இரண்டு வருடமாக ஞாபகம் வராமல் பார்த்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

திரும்பி வந்தபோது அவர் படித்து முடித்திருந்தார். கண் கலங்கியிருந்தது. அந்தப் பெண் நன்றாக எழுதியிருக்கிறாள், குட்டியைப் பற்றி எழுதின இடம் நேரில் பார்த்த மாதிரி இருக்கிறது என்றார். நான் படத்தை அவர் முன்னால் வைத்தேன். கடிகாரத்தையும் காட்டவில்லை, பதிவேட்டையும் காட்டவில்லை. உருப்பெருக்கியை மட்டும் பக்கத்தில் வைத்தேன். அவருக்கு அது தேவைப்படவில்லை.

"எல்லாரும் காலைலயே எழுதிடுவோம் மேடம்" என்றார். "நான் சேர்ந்தப்ப இருந்தவரு சொல்லிக் குடுத்தது. மோட்டாரப் பாப்பியா, நோட்டப் பாப்பியாம்பாரு. எழுதி வச்சிட்டா அப்புறம் போய்ப் பாத்துக்கலாம். பாத்தா அதே அளவுதான் இருக்கும். எப்பவும் அதேதான் இருக்கும்."

"அன்னிக்கு?" என்று கேட்டேன்.

டீ ஆறிப்போய் ஆடை படிந்திருந்தது. அவர் அந்த டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே யாரோ தட்டச்சு அறையில் சிரித்தார்கள். எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

"காலைல ஆறு மணிக்குப் பாத்தேன். அது நிஜம். மஞ்ச வந்துச்சு. அப்புறம் ரெண்டாவது மோட்டார் மக்கர் பண்ணுச்சு, நாள் பூரா அதுலயே போச்சு. சாயங்காலம் வேலைய மாத்திக் குடுக்குறப்ப சிலிண்டரப் பாத்தேன். முள்ளு பூஜ்யத்துல நின்னுச்சு."

"எப்ப தீர்ந்துச்சுன்னு தெரியுமா?"

"தெரியாது. இப்பதான் தீந்திருக்கும்னு நெனச்சேன். புதுசு மாட்டிட்டு வீட்டுக்குப் போயிட்டேன்." கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "விசாரணைல நோட்டத் திறந்தாங்க. நாலு மணிக்குச் சரியா இருக்குன்னு இருந்துச்சு. நான் எழுதினதுதான் மேடம். ஆனா எழுதியிருக்கே. அப்ப இருந்திருக்கும்தானே."

நான் உருப்பெருக்கியை எடுத்து இழுப்பறையில் வைத்தேன்.

"அவன் துக்கம் கேக்கத்தான் வந்தான்" என்றார். அதற்குப் பிறகு வாயை உள்ளங்கையால் பொத்திக்கொண்டார். ஐம்பத்தொன்பது வயது ஆள், அந்த உயரமான உடம்பு நாற்காலியில் மடங்கி, சத்தமே வராமல் குலுங்கியது. எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. அவர்மேலும் வந்தது, ஆசிரியர்மேலும் வந்தது, அந்தச் சிவப்பு டிக்மேல் எல்லாவற்றையும்விட அதிகமாக வந்தது.

நான் பேசினேன். குழாய்க்காரருக்குத் திங்கட்கிழமை கடைசி வாய்ப்பு, அந்தப் பதிவேட்டை நம்பித்தான் அவரை வெளியே நிறுத்தியிருக்கிறார்கள், இந்தப் படத்தை நான் வெட்டவும் மாட்டேன் போடவும் மாட்டேன், மற்றது உங்கள் இஷ்டம் என்றேன். நான்கு மாதத்தில் ஓய்வு பெற வேண்டியவர். வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஒரு வெள்ளைத்தாள் கேட்டார். கொடுத்தேன். ஸ்கேல் இருக்கிறதா என்று கேட்டார். அதையும் கொடுத்தேன். பதிவேட்டில் கட்டம் போடுவது போலக் கோடு போட்டு, அந்த நாளின் தேதியை மேலே எழுதி, கீழே ஏழு வரி எழுதினார். ஆறு, பார்த்தேன். எட்டு, பார்க்கவில்லை. பத்து, பார்க்கவில்லை. பன்னிரண்டு, பார்க்கவில்லை. இரண்டு, பார்க்கவில்லை. நாலு, பார்க்கவில்லை. ஆறு, சிலிண்டர் காலி. கையெழுத்துப் போட்டார். எழுத்து அப்போதும் முத்து முத்தாகத்தான் இருந்தது.

"திங்கக்கெழமை நானே கொண்டு போறேன்" என்றார். வாசல்வரை போனவர் நின்றார். "பொண்ணுகிட்ட யாரு சொல்றது மேடம்?"

 அவரே தலையை ஆட்டிக்கொண்டு படியிறங்கிப் போனார்.

அந்த வாரம் அட்டையில் பல் பராமரிப்பைப் பற்றிய கட்டுரை வந்தது. ஆசிரியர் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. அதில் எனக்கு வேலை நிறைய நடந்தது. திங்கட்கிழமை மணிக்கூண்டு போனார், தாளைக் கொடுத்தார், கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். குழாய்க்காரருக்கு மூன்று மாதம் கழித்து வேலை திரும்பக் கிடைத்தது. கிடைத்த அன்று அவர் மணிக்கூண்டின் தெருவழியாகத்தான் போனாராம். வாசலில் நின்றவரைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். சட்டையைப் பிடித்திருந்தால்கூடத் தேவலை என்று மணிக்கூண்டு என்னிடம் சொன்னார்.

அவரைப் பணிநீக்கம் செய்தார்கள். ஓய்வூதியம் நின்றது. வழக்கு நடக்கிறது. நீரேற்று நிலையத்தில் இப்போது ஒவ்வொரு முறையும் மஞ்சள் குப்பியைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். எல்லோர் வயிற்றிலும் அடித்துவிட்டான் கிழவன் என்கிறார்கள். முப்பத்தெட்டு வருடம் கூட இருந்தவர்கள் தெருவில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள்.

மகள் வீட்டை விட்டுப் போகவில்லை. போக இடமில்லை. சமைக்கிறாள், அவர் தட்டில் வைக்கிறாள். பேசுவதில்லை. அவர் கையால் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடிப்பதில்லை.

குழாய்க்காரரிடம் நான் போனேன். அந்தச் சிவப்பு டிக்கைப் பற்றிச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். அன்று போன் செய்திருந்தால் எடுத்திருப்பேன், வீட்டில்தான் இருந்தேன், வேறெங்கே போவேன் என்றார்.  அதை எந்தப் பக்கத்தில் திருத்தம் போடுவது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஏழு மாதம் கழித்து, இதையெல்லாம் நானே கட்டுரையாக எழுதினேன். அடைமொழி இல்லாமல் எழுதப் பார்த்தேன். வழக்கத்தை விடக்கூடாதென்று அவர் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன். மகள் எனக்கு மட்டும் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனாள். அவர் தானே எழுந்துபோய்த் தனக்குப் பிடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

இந்த முறை பேனாவை உடனே திறக்கவில்லை. ஒரு பத்தியைப் படிப்பார், ஜன்னலைப் பார்ப்பார், மறுபடி படிப்பார், அப்புறம்தான் ஓரத்தில் 'சரி' எழுதுவார். மூன்று மணி நேரம் ஆனது. மனைவி இறந்தபோது மகளின் வயதைப் பதினொன்று என்று எழுதியிருந்தேன், பன்னிரண்டு என்று திருத்தினார். என் டிக்கைப் பற்றிய இடம் வந்ததும் பேனாவை நிறுத்தி, இது உங்களோடது, இதுக்கு நான் எப்படிச் சரி போடுறது என்றார். அந்த ஓரத்தை வெறுமையாக விட்டார்.

கடைசிப் பத்தியில் நான் ஒரு வரி எழுதியிருந்தேன். 'தப்பு அவர் ஒருவருடையது அல்ல, எழுதக் கற்றுக்கொடுத்தவர்களுடையது, எழுதியதை நம்பியவர்களுடையது, எங்களுடையதும்கூட.' அவருக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். அவர் அதை நாலைந்து தடவை படித்தார். பிறகு ஓரத்தில் 'தப்பு' என்று எழுதினார். அத்தனை பக்கத்திலும் அவர் எழுதிய ஒரே 'தப்பு' அதுதான்.

"எட்டு, பத்து, பன்னெண்டு, ரெண்டு, நாலு" என்று விரலை மடக்கினார். "அஞ்சு தடவையும் அந்த ரூம்ல நான் ஒருத்தன்தான் மேடம் இருந்தேன்."

உள்ளே பாத்திரம் கழுவும் சத்தம் நின்றிருந்தது. அவர் சொன்னதை மகள் கேட்டிருக்க வேண்டும். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி குழாய் திறந்தது. நான் பேனாவை வாங்கி அந்த வரியை அடித்துவிட்டேன்.